கோடு எந்த மூட்டிலிருந்து புறப்படுகிறது?

களுவாஞ்சிகுடிப் பக்கம் சித்திரம் படிப்பிக்கும் ஓர் இளம் ஆசிரியை எழுதிக் கேட்டிருந்தார்: “சேர், என் படங்களைப் பார்த்த ஒருவர், ‘கை மட்டும்தான் வேலை செய்கிறது, உடம்பையும் காணவில்லை, உங்களையும் காணவில்லை’ என்றார். உடல் அசைவையும் சுயபிரதிபலிப்பையும் ஓவியத்துக்குள் கொண்டுவரச் சொன்னார். நான் நடனம் படித்தவள் இல்லை. ஆடச் சொல்கிறாரா? என் சொந்தக் கவலைகளை எல்லாம் படமாகக் கீற வேண்டுமா? எங்கே தொடங்குவது?” கூடவே மூன்று படங்களையும் அனுப்பியிருந்தார்: கல்லடிப் பாலம், விறாந்தையில் இருக்கும் ஒரு அம்மா, வாவியில் வலை வீசும் ஒருவர்.

தங்கச்சி, முதலில் பயத்தைத் தீர்த்துவிடுவோம். நீங்கள் ஆடவும் தேவையில்லை, அழவும் தேவையில்லை. அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. ஆனால் பாதியைச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். மீதியை நான் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். மேசையில் தாளை வைத்து, உள்ளங்கையை ஊன்றிக்கொண்டு, விரல்களை மட்டும் அசைத்து ஒரு வளைவு கீறுங்கள். இரண்டு அங்குலத்துக்கு மேல் போகாது. இனி மணிக்கட்டை மட்டும் ஊன்றிக் கீறினால் கிட்டத்தட்ட ஒரு சாண் வரும். முழங்கையை ஊன்றினால் அந்த வளைவின் ஆரை ஒரு முழம். எழும்பி நின்று, சுவரில் ஒட்டிய தாளில் தோளிலிருந்து கீறினால் கையின் முழு நீளமும் ஆரையாகிவிடும். இடுப்பைத் திருப்பினால் இன்னும் பெரிது, காலை எடுத்து வைத்தால் தாள் முடியும் வரைக்கும் போகலாம். உடம்பிலுள்ள ஒவ்வொரு மூட்டும் ஒரு கவராயம். பழகிய கண் ஒரு கோட்டைப் பார்த்ததும் அது எந்த மூட்டிலிருந்து புறப்பட்டது என்று சொல்லிவிடும். (சாணும் முழமும் பாகமும் உடம்பால் அளந்த அளவுகள்தானே. அடிமட்டம் வந்த பிறகு நாம் அதை மறந்துவிட்டோம்.)

உங்கள் மூன்று படங்களிலும் உள்ள கோடுகள் விரலிலிருந்தும் மணிக்கட்டிலிருந்தும் வந்தவை. பாலத்தின் இரும்புச் சட்டங்களுக்கு அது பொருந்துகிறது. அந்த அம்மாவின் சேலை மடிப்புக்கும் பரவாயில்லை. வலை வீசுபவரில்தான் படம் படுத்துவிட்டது. வலை விரியும் அந்த நொடியை ஒன்றரை அங்குலக் கோடுகளை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியிருக்கிறீர்கள். வலை வீசுகிறவர் விரலால் வீசுவதில்லை. வாவிக்கரையில் ஒரு விடியற்காலை நின்று பாருங்கள். வலையின் ஒரு பகுதி முன்கையில் கிடக்கும், ஒரு பகுதி மற்றக் கையில் இருக்கும், விளிம்பைப் பல்லால் கடித்துக்கொள்பவர்களும் உண்டு. வீசப் போகும் திசைக்கு எதிர்ப்பக்கமாக இடுப்பை முதலில் முறுக்குவார். அந்த முறுக்கு அவிழும்போது தோள் பின்னால் வரும், கை அதற்கும் பின்னால், பல் கடைசியில் விடும். வலை அப்போதுதான் வட்டமாகிறது. ஈயக் குண்டுகள் தண்ணீரில் விழும் சத்தம்கூட ஒன்றாக இல்லாமல் ஒரு வட்டமாக ஓடிவரும். இதைக் கண்ணால் மட்டும் பார்த்தால் கையும் வலையும் தெரியும். ஒரு துண்டை எடுத்து நீங்களே முறுகி வீசிப் பார்த்தால்தான் வேலை இடுப்பில் நடக்கிறது என்று தெரியவரும். உடல் அசைவை ஓவியத்துக்குள் கொண்டுவருவது என்பதன் முதல் பொருள் இவ்வளவுதான்.

நமக்கு இது வராமல் போனதற்குக் காரணம் திறமைக் குறைவு இல்லை. நாம் எல்லாரும் சித்திரம் பழகியது எழுதப் பழகிய அதே வாங்கில், அதே மேசையில், கொப்பியின் அளவுத் தாளில். எனக்குச் சித்திரம் படிப்பித்தவர் முழங்கை மேசையை விட்டுக் கிளம்பினால் அடிமட்டத்தின் விளிம்பால் ஒரு தட்டுத் தட்டுவார். ஒழுங்கு என்பது அவருக்கு அசையாமல் இருப்பது. ஓவியம் எழுத்தின் தம்பியாகிவிட்டது அப்படித்தான். கூத்துக்கும் அதற்கும் ஒரு காலத்தில் உறவிருந்தது என்பதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

நான் அதைத் தெரிந்துகொண்டது தற்செயலாக. இருபது வருடத்துக்கு மேல் இருக்கும். வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் ஓர் ஊரில் வடமோடி என்ற கூத்து வகையைப் பழகிக்கொண்டிருந்தார்கள். இரவு ஒன்பது மணிக்கு மேல்தான் தொடங்குவார்கள், பகலில் எல்லாருக்கும் வயல் வேலை. கொப்பியும் கரியும் எடுத்துக்கொண்டு ஆறேழு இரவுகள் போனேன். களரி, அதாவது கூத்து ஆடும் களம், அதன் ஓரத்தில் ஒரு கதிரை தந்தார்கள். இருந்து கீறினேன். ஒரு கொப்பி முடிந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால் எல்லாம் நிற்கிற மனிதர்கள். கை தூக்கியிருக்கிறது, கால் மடிந்திருக்கிறது, ஆனால் யாரோ அவர்களை அப்படி நிற்க வைத்துப் படம் பிடித்ததுபோல இருந்தது.

நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் தேத்தண்ணிக்கு இருந்த நேரம் கொப்பியை வாங்கிப் புரட்டினார். ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, “இருந்து கீறினா அது இருந்தமாதிரித்தான் இருக்கும் மனே. எழும்பி ஒரு எட்டுப் போட்டுப் பாரு, மறுகா கீறு” என்றார்.

எட்டு என்பது வடமோடி ஆட்டக்கோலங்களில் ஒன்று. எட்டு என்ற இலக்கத்தின் வடிவத்தில் களரியில் சுற்றி வருவது. பார்க்கச் சுலபம். நான் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். முதல் வளைவிலேயே மத்தளம் என்னை விட்டுவிட்டு முன்னால் போய்விட்டது. பழகிக்கொண்டிருந்த பொடியன்கள் சிரித்தார்கள். இரண்டு மூன்று தரம் சுற்றிய பிறகு ஒரு விஷயம் பிடிபட்டது. வெளியிலிருந்து பார்த்தபோது ஆடுபவர் காலால் திரும்புகிறார் என்று நினைத்தேன். உள்ளே வந்தால் அப்படியில்லை. திரும்புவதற்கு முன்பே உடம்பு வட்டத்தின் உட்பக்கமாகச் சாய்ந்துவிடுகிறது. பாரம் வெளிக்காலை விட்டுப் போன பிறகுதான் அந்தக் கால் எழும்புகிறது. எட்டின் நடுவில், இரண்டு வட்டங்களும் வெட்டுகிற இடத்தில், ஒரு கணம் எந்தப் பக்கமும் சாயாத நிலை வருகிறது. அது நிற்பது இல்லை, கைமாறுவது. அந்தக் கணத்தைத்தான் நான் அத்தனை இரவாகக் கீறத் தவறிக்கொண்டிருந்தேன்.

அன்று இரவு கீறியவை நல்ல படங்கள் என்று சொல்ல மாட்டேன். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது, கை நடுங்கியது, ஒரு தாளில் வியர்வை சொட்டிக் கரி ஊறிப் போயிருந்தது. ஆனால் ஒரு கோடு இருந்தது. வலது குதிக்காலில் தொடங்கி, இடுப்பில் திரும்பி, இடது தோளில் ஏறி, தாளை விட்டே வெளியே போன ஒரு கோடு. முகம் இல்லை, உடுப்பு இல்லை. அண்ணாவியார் அதில் விரலை வைத்து, ஆடியது யார் என்று சரியாகச் சொன்னார். பின்னர் அரங்கேற்றத்தன்று கரப்புடுப்பு என்ற விரிந்த கூத்து உடுப்பும் முடியும் அணிந்து அதே ஆள் வந்தபோது அவர் திரும்பும் விதமே மாறியிருந்தது. உடுப்பின் பாரமும் சேர்ந்து திரும்ப வேண்டுமே. அதையும் உடம்பில் ஒரு தரம் சுற்றிப் பார்த்தவனுக்குத்தான் கவனிக்கத் தோன்றும்.

அண்ணாவியார் சொன்னதை ஒரு பழைய நூலும் சொல்கிறது என்று எனக்குப் பிறகுதான் தெரியும். விஷ்ணுதர்மோத்தர புராணத்தின் மூன்றாம் காண்டத்தில் வச்சிரன் என்ற அரசன் மார்க்கண்டேய முனிவரிடம் சிற்பம் செய்யக் கற்றுத் தரும்படி கேட்கிறான். சிற்பத்துக்கு ஓவியம் தெரிய வேண்டும், ஓவியத்துக்கு நடனம் தெரிய வேண்டும், நடனத்துக்கு வாத்தியம், அதற்குப் பாட்டு என்று முனிவர் அவனைப் படிப்படியாகக் கீழே இறக்கிக்கொண்டு போகிறார். ஒரு சிலை செய்ய வந்தவன் கடைசியில் பாட்டு வகுப்பில் போய் நிற்கிறான். நம்முடைய பல்கலைக்கழகப் பாடத்திட்டங்கள் இதைத் திருப்பிப் போட்டு, ஆளுக்கொரு அறை கொடுத்துவிட்டன. ஆனாலும் கல்லடியில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் இசை, நடனம், நாடகம், காட்சிக்கலை எல்லாம் ஒரே கூரையின் கீழ்தான் இருக்கின்றன. அங்கே யாராவது தெரிந்தவர் இருந்தால், நடனப் பிள்ளைகள் பயிற்சி செய்யும் நேரத்தில் ஒரு மூலையில் நின்று கீற அனுமதி கேளுங்கள். நின்று, இருந்தல்ல.

மேற்கில் இதே விஷயம் இருபதாம் நூற்றாண்டில் பல பக்கமாகக் கிளம்பியது. ஜேர்மனியில் பௌஹவுஸ் கலைக்கூடம் 1919இல் தொடங்கியபோது, முதலாண்டுப் பிள்ளைகளைப் படிப்பித்த யொஹானஸ் இற்றன் வகுப்பை மூச்சுப் பயிற்சியோடும் கைகால் தளர்த்தும் பயிற்சியோடும்தான் ஆரம்பிப்பார். பிரெஞ்சு ஓவியர் ஹென்றி மத்தீஸ் 1931 அளவில் ஆடும் உருவங்கள் கொண்ட பெரிய சுவரோவியம் ஒன்றுக்கு, நீண்ட மூங்கில் தடியின் நுனியில் கரியைக் கட்டி, தூர நின்று கோடு போட்டார். அப்போது விரலுக்கு வேலையே இல்லை, தோளும் காலும்தான் கீறும். வீட்டில் தும்புத்தடி இருக்கிறதுதானே, அதன் நுனியில் கரித்துண்டை நூலால் கட்டிச் செய்து பாருங்கள். முதல் பத்து நிமிடம் எரிச்சல் வரும். அப்புறம் விடமாட்டீர்கள்.

அமெரிக்க ஓவியர் ஜக்சன் பொலொக் 1947 அளவிலிருந்து துணியை நிலத்தில் விரித்து, அதைச் சுற்றி நடந்து, வர்ணத்தை ஊற்றியும் சொட்டியும் வேலை செய்தார். 1952இல் ஹரோல்ட் றோஸன்பேர்க் என்ற விமரிசகர் இந்த வகை ஓவியர்களைப் பற்றி எழுதும்போது, அவர்களுக்குத் துணி என்பது படம் இருக்கும் இடமாக இல்லாமல் ஒரு செயல் நடக்கும் களமாகிவிட்டது என்று எழுதினார். களரி என்ற சொல் கையில் இருக்கிற நமக்கு இது அவ்வளவு பெரிய கண்டுபிடிப்பாகத் தெரியாது. ஜப்பானில் குத்தாய் என்ற கலைஞர் குழுவைச் சேர்ந்த கசுவோ ஷிரகா கயிற்றைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு காலால் வர்ணத்தை இழுத்தார். 1955இல் சேற்றுக்குள் விழுந்து புரண்டதையே ஒரு படைப்பாக வைத்தார். அமெரிக்கப் பெண் ஓவியர் கரோலி ஷ்னீமன் எழுபதுகளில், மரம் வெட்டுகிறவர்கள் அணியும் வார்ப்பட்டையில் தன்னைத் தொங்கவிட்டு, ஊசலாடிக்கொண்டே எட்டிய தூரத்துக்குச் சுவரிலும் நிலத்திலும் கோடு போட்டார். உடம்பு எங்கே எட்டியதோ அங்கே படம் முடிந்தது.

இவர்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பொலொக் வேலை செய்வதை 1950இல் ஹான்ஸ் நமுத் எடுத்த புகைப்படங்கள் ஓவியங்களைவிடப் பிரபலமாகிவிட்டன. அதிலிருந்து ஒரு நோய் தொற்றியது. கமராவுக்கு முன்னால் துள்ளி வர்ணத்தை எறிந்தால் அது உடல் சார்ந்த ஓவியம் என்று பலர் நம்புகிறார்கள். போனில் ஒரு நிமிட வீடியோவாகப் போடுவதற்கு அது நல்லதுதான். ஆனால் வீடியோவை நிறுத்திவிட்டுத் தாளைப் பாருங்கள். பெரும்பாலும் அதில் ஒன்றும் நடந்திருக்காது. அசைவு மட்டும் போதாது என்று நான் சொல்வது இதனால்தான். உங்களிடம் பேசியவர் இரண்டாவதாகச் சொன்ன விஷயம் இங்கேதான் தேவைப்படுகிறது.

‘சுயபிரதிபலிப்பு’ என்ற சொல் எனக்குப் பிடிப்பதில்லை. கண்ணாடிக்கு முன்னால் நின்று முகத்தைப் பார்ப்பதுபோல ஒரு நினைப்பைத் தருகிறது. திரும்பிப் பார்த்தல் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடந்து வந்த பாதையைத் திரும்பிப் பார்க்கிறோமே, அப்படி. பார்ப்பது முகத்தை இல்லை, தடத்தை.

இதற்கு எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான உதாரணம் ரொபர்ட் மொறிஸ் என்ற அமெரிக்கக் கலைஞர் 1973இல் தொடங்கிய குருட்டு நேர வரைதல்கள். அவர் தனக்கு ஒரு வேலையைக் கொடுத்துக்கொள்வார். உதாரணமாக, தாளின் இரண்டு பக்கத்திலும் இரண்டு கையாலும் ஒரே மாதிரித் தடவ வேண்டும் என்பது போல. அதற்கு இத்தனை நிமிடம் எடுக்கும் என்று மனதில் கணக்குப் போடுவார். கண்ணை மூடிக்கொண்டு, கிராஃபைட் பொடி (பென்சிலில் உள்ள கரி) தொட்ட விரல்களால் அதைச் செய்து முடிப்பார். பிறகு கண்ணைத் திறந்து, என்ன செய்ய நினைத்தேன், நேரக் கணக்கு எவ்வளவு பிழைத்தது என்பதை அதே தாளின் ஓரத்தில் எழுதிவிடுவார். அவ்வளவுதான். சோகமில்லை, வாழ்க்கை வரலாறு இல்லை. ஆனால் அந்தத் தாளைப் பார்க்கும்போது ஒரு மனிதர் தன்னைப் பற்றி நினைத்திருந்ததற்கும் தன் உடம்பு செய்ததற்கும் இடையிலுள்ள தூரம் அப்படியே தெரிகிறது. அதைவிட அந்தரங்கமான விஷயம் வேறென்ன இருக்கிறது?

நான் படிப்பிக்கும்போது இதைக் கொஞ்சம் மாற்றி வைத்துக்கொண்டேன். பிரௌன் பேப்பர் சுருளில் ஆள் உயரத்துக்கு ஒரு துண்டு வெட்டி, மாஸ்கிங் டேப்பால் சுவரில் ஒட்டுவோம். விறகடுப்புக் கரியே போதும். கடையில் வாங்கும் கரிக்குச்சி அழுத்தினால் உடைந்துவிடும், உடைந்துவிடுமோ என்ற பயம் தோளைப் பிடித்துக்கொள்ளும். செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு காலிலும் பாரம் சமமாக இருக்கிறதா என்று கொஞ்ச நேரம் பார்ப்போம். கிட்டத்தட்ட யாருக்கும் சமமாக இருப்பதில்லை. அப்புறம் ஏதாவது ஒரு தினசரி வேலையை, கரியைக் கையில் பிடித்துக்கொண்டு, தாளுக்கு முன்னால் செய்வோம்: தேங்காய் துருவுவது, சுளகால் புடைப்பது, கிணற்றுக் கயிறு இழுப்பது, பிள்ளையைத் தோளில் போட்டு ஆட்டுவது. பொருள் எதுவும் கையில் இல்லை, செய்கை மட்டும். கரி தாளில் படும் இடத்தில் படட்டும். மூன்று நிமிடம் போதும். கண்ணை மூடுவது அவரவர் விருப்பம்.

முடிந்ததும் யாரும் பேசக் கூடாது. பேசினால் அந்தச் சொல் உடம்பில் இருந்ததை மூடிவிடும். கொப்பியை எடுத்து ஐந்தாறு வரி எழுத வேண்டும், அதற்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு. ‘சந்தோஷம்’, ‘வேதனை’, ‘விடுதலை’ போன்ற சொற்கள் கூடாது. வினைச்சொற்கள்தான். “இடது தோள் ஏறியது. வலது கால் ஊன்ற மறந்தது. நடுவில் மூச்சை அடக்கினேன். தாளின் மேல் மூலைக்கு எட்டப் பயந்தேன்.” ‘பயந்தேன்’ உணர்ச்சிதானே என்று கேட்கலாம். அது ஒரு இடத்தோடு சேர்ந்து வந்ததால் விடலாம், தனியாக வந்தால் வெட்டுவேன். அதன் பிறகுதான் தாளுக்குத் திரும்பி, எழுதியதும் கீறியதும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பது. வேலையே அந்த இடத்தில்தான். மூச்சை அடக்கினேன் என்று ஒரு பிள்ளை எழுதியிருப்பாள், தாளில் அந்த இடத்தில் கரி அழுந்திக் கன்னங்கரேலென்று ஒரு புள்ளி இருக்கும். எட்டப் பயந்தேன் என்று எழுதியிருப்பாள், தாளின் மேல் ஒரு சாண் வெறுமையாக இருக்கும். அந்த வெறுமையை அவள் திட்டமிட்டு விடவில்லை. ஆனால் இனி விடலாம். அடுத்த படத்தில் அது அவளுடைய கையிலுள்ள ஒரு கருவி.

வினைச்சொல் வராமல் முழிப்பவர்களுக்கு றூடொல்ஃப் லாபன் வைத்த நாலு கேள்விகள் உதவும். அவர் நடன அசைவை எழுதி வைக்க முறை கண்டவர். அசைவைப் பாரம், காலம், இடம், ஓட்டம் என்று நாலாகப் பார்ப்பார். அழுத்தமா இலேசா, திடீரா நிதானமா, நேரே போனதா சுற்றிப் போனதா, கட்டிப் பிடித்திருந்ததா விட்டுவிட்டதா. இந்த நாலையும் கோட்டுக்கும் அப்படியே கேட்கலாம் என்பதுதான் விசேஷம். உடம்புக்கும் தாளுக்கும் ஒரே சொல் கிடைத்துவிட்டால் திரும்பிப் பார்ப்பது சுலபமாகிவிடும். நடனம் படிக்காத உங்களுக்கு லாபனிடமிருந்து இதற்கு மேல் ஒன்றும் தேவைப்படாது.

நடனம் தெரியாது என்பதைப் பற்றி இன்னொன்று. நீங்கள் பிறந்ததிலிருந்து மிகப் பெரிய வரைதல்களைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள். விடிய முற்றம் கூட்டுவதைச் சொல்கிறேன். மணல் முற்றத்தில் ஈர்க்கு விளக்குமாறு போன தடம் விசிறி விசிறியாகக் கிடக்கும். ஒவ்வொரு விசிறியின் அகலமும் கூட்டியவரின் கைநீளம். வலக்கைக்காரர் கூட்டியது ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். பின்னால் நடந்து கூட்டியவருடைய காலடி முற்றத்தில் இருக்காது, முன்னால் நடந்தவருடையது இருக்கும். என் அம்மம்மாவுக்குக் கடைசிக் காலத்தில் முழங்கால் மடியாது. ஒரு இடத்தில் நின்று சுற்றிக் கூட்டிவிட்டு அடுத்த இடத்துக்கு நகருவா. அதனால் அவ கூட்டிய முற்றத்தில் விசிறி இல்லை, முழு வட்டங்கள். அவ போன பிறகு முற்றத்தில் அந்த வட்டங்கள் இல்லாததைத்தான் நான் முதலில் கவனித்தேன். ஒரு ஆளின் உருவப்படம் என்று எதைச் சொல்வது என்ற என் எண்ணம் அன்றைக்கு மாறியது.

சரி, சொந்தக் கவலை பற்றிக் கேட்டீர்கள். இந்த மண்ணில் அது சும்மா கேட்கிற கேள்வி இல்லை. யுத்தம் முடிந்துவிட்டது, 2004 டிசம்பர் 26 கடலும் வந்துபோய்விட்டது, ஆனால் நாவலடியிலோ கல்முனைக் கரையிலோ வளர்ந்த ஒருவருக்கு ‘கண்ணை மூடி உடம்பைக் கவனியுங்கள்’ என்று சொன்னால் என்ன எழும்பி வரும் என்று படிப்பிப்பவருக்குத் தெரியாது. சில பயிற்சிப் பட்டறைகளில் வந்தவர்களிடம் முதல் நாளே, ‘உங்கள் வாழ்க்கையின் பெரிய துயரத்தைக் கீறுங்கள்’ என்று சொன்னதை நேரில் பார்த்திருக்கிறேன். அழுகை வந்தது, புகைப்படம் எடுத்தார்கள், அறிக்கை எழுதினார்கள். அடுத்த நாள் அந்த ஆட்கள் யாரும் வரவில்லை. இதற்கு மாறாக, மட்டக்களப்பில் 1996இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்கா யுத்தத்தால் பாதிக்கப்பட்ட பிள்ளைகளுக்கு மண், வர்ணம், பாட்டு, கதை, விளையாட்டு என்றுதான் கதவைத் திறந்தது. பிள்ளை மண்ணைப் பிசையும்போது எதைப் பிசைகிறது என்பது பிள்ளைக்கே தெரியட்டும்.

அதனால் என் பதில்: துயரத்தைத் தலைப்பாக வைக்காதீர்கள். வந்தால் வரட்டும், வராவிட்டால் தேடிப் போக வேண்டாம். உங்கள் வகுப்பிலும் கண் மூடுவதைக் கட்டாயமாக்காதீர்கள், கதவைத் திறந்து வையுங்கள், ஒரு பிள்ளை இடையில் நிறுத்திவிட்டு இருந்தால் ஏன் என்று எல்லாருக்கும் முன்னால் கேட்காதீர்கள். எழுதிய கொப்பி அந்தப் பிள்ளையுடையது, நீங்கள் வாங்கித் திருத்தப் போகாதீர்கள். ஒரு பிள்ளை தொடர்ந்து குழம்பினால் அது சித்திரப் பாடத்துக்குள் தீர்க்கிற விஷயமில்லை. பாடசாலையில் ஆலோசனைக்குப் பொறுப்பானவரிடம் சொல்ல வேண்டும்.

வகுப்பறையில் இன்னொரு சிக்கலும் உங்களுக்கு வரும், நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். ‘ஆடப் போகிறோம்’ என்று அறிவித்தால் பாதிப் பிள்ளைகள் ஒதுங்கிவிடுவார்கள். சிலருக்கு வெட்கம், சிலருடைய வீட்டில் விரும்ப மாட்டார்கள். ஆடத் தேவையே இல்லை என்று நான் அடித்துச் சொல்வது இதற்காகவும்தான். மருதமுனையில் ஒரு கைத்தறிக்கு முன்னால் பத்து நிமிடம் இருந்து பாருங்கள். கால் மிதிக்கிறது, கை நாடாவை அனுப்புகிறது, மறுகை அச்சை இழுத்து அடிக்கிறது. முழு உடம்பும் தாளத்தில் இருக்கிறது, அதை யாரும் ஆட்டம் என்று சொல்வதில்லை. பிள்ளைகளை அவரவர் வீட்டில் நடக்கும் ஒரு வேலையைக் கவனித்து வரச் சொல்லுங்கள். பன்பாய் இழைப்பது, ரொட்டி தட்டுவது, சைக்கிளுக்குக் காற்றடிப்பது, எதுவாகவும் இருக்கட்டும். பரீட்சைக்கு இது உதவுமா என்று பெற்றோர் கேட்பார்கள். மனித உருவங்கள் வரும் படம் கீறும்போது உருவங்கள் நிலத்தில் ஊன்றி நிற்கும், அதைக் காட்டினால் போதும்.

உங்களுக்கான வேலை இது. இந்த மாதம் புதுப் படம் எதுவும் தொடங்காதீர்கள். வலை வீசுபவரின் படத்தை மறுபடி எடுங்கள். அதில் ஒரு இடம் எனக்குப் பிடித்திருக்கிறது, நீங்கள் மறைக்கப் பார்த்த இடம். வலது முழங்காலுக்குக் கீழே அழிறப்பரால் மூன்று தரம் அழித்திருக்கிறீர்கள், தாள் மங்கி நார் எழும்பியிருக்கிறது. மூன்று தரமும் அந்தக் கால் எங்கே ஊன்றுகிறது என்று உங்களுக்குத் தெரியவில்லை. தண்ணீருக்குள் இருக்கிற கால், கண்ணுக்குத் தெரியாது. அதனால் ஒரு நாள் வாவியில் முழங்காலளவு தண்ணீரில் இறங்கி நின்று, ஈரச் சாக்கு ஒன்றை இடுப்பை முறுக்கி வீசிப் பாருங்கள். யாராவது துணைக்கு வரட்டும், சேற்றில் வழுக்கும். எந்தக் கால் புதைகிறது என்று பார்த்துக்கொண்டு வந்து, நனைந்த உடுப்பைக்கூட மாற்றாமல், சுவரில் ஒட்டிய தாளில் கீறுங்கள். அழிறப்பரை மேசையிலேயே விட்டுவிடுங்கள். கால் பிழைத்தால் பிழைத்த காலுக்குப் பக்கத்திலேயே அடுத்ததைப் போடுங்கள். மூன்று கால் இருந்தாலும் பரவாயில்லை, ஓரத்தில் எழுதிய வரிகளோடு சேர்த்துப் படம் பிடித்து அனுப்புங்கள்.